கிட் அமைப்பு ஏன் கூடவே வராது?

கிட் என்பது நிரல் மாற்றங்களைப் பதிந்து பகிரும் மென்பொருள். அதன் கன்ஃபிக் என்ற அமைப்புக் கோப்பில் போடும் எதுவும், பொதுக் களஞ்சியத்துக்குப் புஷ் பண்ணினால் (அனுப்பினால்) கூடவே போகாது. என்ன கரைச்சல் இது! அது அந்தந்தக் கணினியிலேயே கிடக்கும். கிளிநொச்சியில் நான் வரிமுடிவை (வரி முடிவதைக் குறிக்கும் மறைகுறி, விண்டோஸில் வேறு, லினக்ஸில் வேறு) சரிசெய்து வைத்தாலும், முல்லைத்தீவில் களஞ்சியத்தைக் குளோன் பண்ணுகிற (பிரதி எடுக்கிற) தம்பிக்கு எல்லாம் முதலில் இருந்துதான். விண்டோஸில் ஒரே ஒரு வரியைத் திருத்தி அனுப்புவான். மாற்றங்களைக் காட்டும் டிஃப்பில் முழுக் கோப்பும் சிவப்பும் பச்சையுமாக நிற்கும். எதை மாற்றினான் என்று எப்படித் தேடுவது?

கிட்அட்ரிபியூட்ஸ் கோப்பைக் களஞ்சியத்தில் போட்டால் வரிமுடிவுப் பிரச்சினை தீரும், சரி. ஹூக்ஸ், அதாவது கிட் வேலைகளின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள் (சிறு நிரல்கள்)? அதுக்கு ஒவ்வொரு மடிகணினியிலும் தனித்தனியாகக் கட்டளை அடிக்க வேண்டும். குளோன் பண்ணியதுமே பிறருடைய ஸ்கிரிப்ட் தானாக ஓடக்கூடாது என்பதற்காகத்தான் அப்படி, நியாயம்தான். ஆனால் புதுப் பிள்ளை சேரும்போதெல்லாம் போனில் எழுத்தெழுத்தாகக் கட்டளை சொல்லித் தொண்டை வறள்கிறது. கட்டளையில் வரும் புள்ளியை விட்டுவிட்டு, "அண்ணா, எரர் வருது" என்பான்.