பழைய ரோட்டை ஊரணிக் கரையில் ஏன் கொட்டுகிறீர்கள்?

மறுபடியும் எங்கள் தெருவில் ரோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பழைய தாரைச் சுரண்டவில்லை, தூசியைக்கூட ஒழுங்காகக் கூட்டவில்லை, அதன்மேலேயே தாரைத் தெளித்து, கலவையைக் கொட்டி, ரோலரை ஓட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். ஐப்பசி மழை பிடித்தால் தண்ணீர் யார் வீட்டுக்குள் வரும்? எங்கள் வீட்டுக்குள்தான்.

செட்டிநாட்டில் வீடு கட்டியவர்கள் விவரம் தெரிந்தவர்கள். வறண்ட பூமி, விழுகிற மழை வீணாகாமல் தெரு வழியே ஓடி ஊரணிக்குப் போகணும், அதே சமயம் வீட்டுக்குள்ளும் வரக்கூடாது என்றுதான் முகப்பை அத்தனை உயரத்தில் தூக்கிக் கட்டினார்கள். அந்த உயரத்தை ஒவ்வொரு ரோடாக வந்து விழுங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் வாசலில் கீழ்ப்படி தாருக்குள் போய்விட்டது, அடுத்த படி பாதிதான் தெரிகிறது. பெரிய வீடுகளாவது இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். எதிர்ச்சாரியில் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற ஆச்சி, மழை வந்தால் வாசலில் மணல் மூட்டையை அடுக்கிவிட்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறார். ஊரணிக்குப் போகிற வரத்துக்காலும் மேடாகிப்போன ரோட்டோரத்தில் அடைபட்டுக் கிடக்கிறது.

இதற்கு உத்தரவு இல்லாமல் இல்லை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று 2021-லேயே அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு சொல்லிவிட்டார். இங்கே கேட்டால் "மெஷின் இல்லை சார், எஸ்டிமேட்டில் சேர்க்கவில்லை" என்று ஒரே பதில். ஏன் சேர்க்கவில்லை?

சரி, மெயின் ரோட்டில் மெஷின் வந்து சுரண்டினார்களே, அங்கேயாவது ஒழுங்காக நடந்ததா? அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். சுரண்டிய அத்தனையையும் லாரியில் அள்ளிக்கொண்டு போய் ஊரணிக் கரையில் கொட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு கட்டியைக் கையில் எடுத்து உடைத்துப் பார்த்தேன். வெளியே வெளுத்துப்போய் சாம்பல் நிறம், உள்ளே கன்னங்கரேலென்று இருக்கிறது, ஒவ்வொரு ஜல்லியையும் சுற்றித் தார் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, கல்லின் முனைகூட மழுங்கவில்லை. இதையா குப்பை என்று கொட்டுகிறீர்கள்?

நான் பாலிடெக்னிக்கில் சிவில் படித்தவன், கணக்குப் போட்டே சொல்கிறேன். 4 மீட்டர் அகலத்தில் 1 கிலோமீட்டர் தெருவை 5 சென்டிமீட்டர் சுரண்டினால் 200 கன மீட்டர், ஏறக்குறைய 460 டன். அதில் நூற்றுக்கு 5 பங்கு தார் என்று வைத்தாலும் 23 டன் தார், மீதியெல்லாம் கருங்கல் ஜல்லி. அத்தனையும் நாம் வரி கட்டி ஏற்கெனவே வாங்கியது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, திரும்பவும் ஒரு மலையை வெடி வைத்து உடைத்து ஜல்லி வாங்குகிறோம், திரும்பவும் கச்சா எண்ணெயிலிருந்து வருகிற தாரைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

"பழைய தார் செத்துப்போச்சு சார், அதைக் கலந்தால் ரோடு நிற்காது" என்று சூப்பர்வைசர் சொல்கிறார். வெயிலிலும் காற்றிலும் வருடக்கணக்கில் கிடந்து தார் இறுகிப்போகும், உண்மைதான். கண்டபடி கலந்தால் புது ரோடு வெடிக்கும், அதுவும் உண்மைதான். அதற்குத்தானே வழி வைத்திருக்கிறார்கள்! பழையதை உடைத்துச் சலித்து, அதில் எவ்வளவு தார் இருக்கிறது, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று லேபில் பார்த்து, அதற்கேற்ப இளகின தாரையோ அதை மீட்கிற எண்ணெயையோ சேர்க்கணும். கலவை தயாரிக்கிற பிளாண்டில் நேராகத் தீயில் காட்டக்கூடாது, தார் கருகிவிடும். புது ஜல்லியை நன்றாகச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பழையதை இளக வைக்கணும். மழையில் நனையாமல் கூரைக்குக் கீழே குவித்து வைக்கணும், இல்லையென்றால் ஈரத்தை விரட்டவே டீசல் போய்விடும். இதற்கென்று, ரோடு வேலைக்கு விதிமுறை வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2015-லேயே ஐ.ஆர்.சி. 120 என்று தனியாக விதிமுறை போட்டிருக்கிறது. ஜப்பானில் பல வருடங்களாகப் பழைய கலவையைத் தாராளமாகச் சேர்த்துத்தான் ரோடு போடுகிறார்கள். பிளாஸ்டிக் கழிவைத் தாரோடு சேர்த்து ரோடு போடலாம் என்று காட்டிய பேராசிரியர் வாசுதேவன், பக்கத்தில் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிக்காரர், 2018-ல் பத்மஸ்ரீ வாங்கினார். நம் பக்கத்தில் படித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை.

இடிக்கிற வீட்டின் ஒரு தேக்குத் தூணைக்கூட வீணாக்காமல், காரைக்குடி பழைய சாமான் கடைகளில் துடைத்து வைத்து விற்கிற ஊர் இது. ரோட்டுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

நாங்கள் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த டெண்டரில் சுரண்டுகிற வேலையையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். சுரண்டியதை பிளாண்டுக்கு அனுப்பி, எடை போட்டு, அதன் மதிப்பைப் பில்லில் கழியுங்கள். அந்த எடைச் சீட்டை ஊர்க்காரர்கள் கேட்டால் காட்டுங்கள். ஊரணிக் கரையில் கொட்டியிருப்பதை மழைக்கு முன்னால் அள்ளுங்கள். இதையெல்லாம் செய்யாமல் இதே மட்டத்தின்மேல் இன்னொரு தடவை ரோடு போட வந்தால், லாரியைத் தெருவுக்குள் விடப் போவதில்லை, ஆச்சியோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் வாசலில் நிற்போம்.