யாரு வருவான்னு கேக்குறதை நிறுத்துங்க

எலெக்‌ஷன் பேச்சை எடுத்தாலே நம்ம ஊர்ல ஒரே கேள்விதான். "யாரு வருவா?" டீக்கடையில அதுதான், சலூன்ல அதுதான், கல்யாண வீட்டுப் பந்தியில இலை போடுறதுக்கு முன்னாடியே அதுதான். "நீங்க யாருக்குப் போடலாம்னு இருக்கீங்க, எதுக்காக?"ங்கிற கேள்வி ஒருத்தர் வாயில இருந்தும் வராது. 2029 மக்களவைத் தேர்தலுக்கு இன்னும் காலம் கிடக்கு. அதுக்குள்ள எங்க சொந்தக்காரங்க வாட்ஸப் குரூப்புல மாநிலம் மாநிலமா சீட்டுக் கணக்கு ஓடுது. உ.பி.யில இத்தனை, மகாராஷ்டிராவுல இத்தனைன்னு எழுதுறவருக்கு, சொந்தத் தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்துல என்ன கேள்வி கேட்டார்னு தெரியாது. தெரிஞ்சுக்கணும்ங்கிற நினைப்பும் கிடையாது. பார்க்கப் பார்க்க வயிறு எரியுது.

வெறும் பேச்சோட நின்னா விட்டுத் தொலைஞ்சிருப்பேன். நிக்கலையே! இந்தக் கேள்வி ஓட்டுச்சாவடிக்குள்ள வரைக்கும் கூடவே வருது.

அருப்புக்கோட்டையில எங்க சித்தப்பா ஒருத்தர் இருக்கார். தறி ஓட்டிப் பிள்ளைகளைப் படிக்க வச்ச மனுசன். நூல் வாங்கப் போனா கடைக்காரர் சொல்ற கவுண்ட்டை, அதாவது நூலோட பருமன் கணக்கை, நம்ப மாட்டார். இழையை உருவி, ரெண்டு விரலால இழுத்து அத்துப் பார்த்துட்டுத்தான் காசை எடுப்பார். அவ்வளவு விவரமான ஆள் 2024 மக்களவைத் தேர்தலுக்கு எங்க பக்கம் ஓட்டுப் போட்ட ஏப்ரல் 19-ஆம் தேதி காலையில, பூத் சிலிப்பைச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு ஒவ்வொருத்தருக்கா போன் அடிக்கிறார். "ஏப்பா, நம்ம பக்கம் யாருக்குக் காத்து அடிக்குது?" எனக்கும் அடிச்சார். "சித்தப்பா, உங்களுக்கு யாரு வேணும்?"னு கேட்டேன். "எனக்கு யாரு வேணும்ங்கிறது கெடக்கட்டும், ஜெயிக்கிற ஆளைச் சொல்லு. தோக்குறவனுக்குப் போட்டு ஓட்டை வீணாக்கச் சொல்றியா?"ன்னார்.

ஓட்டை வீணாக்குறதுன்னா என்ன சித்தப்பா? ஜெயிச்சவருக்குப் போட்டவங்க பட்டியலை யாராவது எடுத்து வச்சிருக்காங்களா? அது ரகசிய வாக்கெடுப்பு. நீங்க பட்டனை அமுக்கினதும் பக்கத்துல விவிபாட் கண்ணாடிக்குள்ள ஒரு சீட்டு ஏழு விநாடி தெரியும், அப்புறம் அறுந்து பெட்டிக்குள்ள விழுந்துடும். அதைப் பார்த்தது நீங்க மட்டும்தான். ஜெயிச்சவருக்கும் தெரியாது, தோத்தவருக்கும் தெரியாது. பிறகு யாருகிட்ட நல்ல பேர் வாங்க இந்தப் பாடு? மனசுல ஒருத்தரை வச்சுக்கிட்டு, அடுத்தவங்க போடுறாங்களேன்னு இன்னொருத்தருக்குப் போடுறீங்க பாருங்க, அதைத்தான் வீணாப் போன ஓட்டுன்னு நான் சொல்லுவேன்.

அன்னிக்கே மதினி வீட்டுல வேற கதை. அன்னிக்கு வெள்ளிக்கிழமை, மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு. "அதான் நானூறுங்கிறாங்களே, எல்லாம் மேலயே முடிவாகிடுச்சு. இந்த வெயில்ல நாங்க போய் வரிசையில நின்னு என்னத்த மாத்தப் போறோம்?"னு வீட்டுல யாருமே போகல. அந்த வீட்டுல நாலு ஓட்டு. எங்க விருதுநகர் தொகுதியில என்ன நடந்துச்சு? ஜூன் 4-ஆம் தேதி சுத்துக்குச் சுத்து முன்னிலை மாறி மாறி வந்து, கடைசியில காங்கிரஸோட மாணிக்கம் தாகூர் தே.மு.தி.க.வோட விஜய பிரபாகரனை 4,379 ஓட்டுல ஜெயிச்சார். ஆறு சட்டமன்றத் தொகுதி சேர்ந்தது ஒரு மக்களவைத் தொகுதி. பங்கு போட்டுப் பாருங்க, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு எழுநூத்திச் சொச்சம் ஓட்டு. அந்த வித்தியாசத்தை விடப் பல மடங்கு பேர் வீட்டுல ஃபேனுக்கு அடியில உக்காந்திருந்தாங்க. "முடிவாகிடுச்சு"ன்னு எதைப் பார்த்துச் சொன்னாங்க? தமிழ்நாடு முழுக்கப் பதிவானதே 69.72 சதவீதம்தான். மும்பை வடமேற்குல அதே தேர்தல்ல வித்தியாசம் வெறும் 48 ஓட்டு. நாப்பத்தெட்டு! ஒரு மினி பஸ்ல ஏத்திடலாம் அத்தனை பேரையும்.

அந்த "நானூறு" எங்க இருந்து வந்துச்சுன்னு பார்ப்போம். முதல்ல அது பா.ஜ.க. கூட்டணிக்கு நானூறு சீட்டுங்கிற பிரச்சார கோஷம். அப்புறம் அதுவே கருத்துக்கணிப்பு மாதிரி வேஷம் கட்டி வந்துச்சு. ஜூன் 1 சாயங்காலம் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிஞ்ச கையோட எக்ஸிட் போல் வரிசை கட்டி வந்துச்சே, ஞாபகம் இருக்கா? பா.ஜ.க. கூட்டணிக்கு 350-க்கு மேலன்னு பல பேர், 400 வரைக்கும் போகும்னு சில பேர். தமிழ்நாட்டுலயும் அந்தக் கூட்டணிக்கு ரெண்டு மூணு சீட்டுன்னு சிலர் போட்டாங்க. ஜூன் 3-ஆம் தேதி சென்செக்ஸ் 2,500 புள்ளிக்கு மேல ஏறுச்சு. மறுநாள் பெட்டியைத் திறந்தா பா.ஜ.க. தனியா 240. பெரும்பான்மைக்கு வேண்டியதே 272. கூட்டணியோட சேர்த்து 293. தமிழ்நாட்டுல 39-க்கு 39-ம் தி.மு.க. கூட்டணி. அன்னிக்கு ஒரே நாள்ல சென்செக்ஸ் கிட்டத்தட்ட 4,390 புள்ளி விழுந்துச்சு. கணிப்பு நிறுவனத்துக்காரர் ஒருத்தர் டிவி நேரலையிலேயே அழுதார். அவர் கண்ணீரைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் கணிப்பை நம்பி, திங்கக்கிழமை ஏத்தத்துல போய்ப் பணத்தைப் போட்டு மறுநாள் தலையில கை வச்சவங்க இருக்காங்க. அவங்களுக்கு யார் பதில் சொன்னாங்க?

இது முதல் தடவையும் இல்ல. 2004-ல 'இந்தியா ஒளிர்கிறது'ன்னு விளம்பரம் பண்ணி, தேர்தலையே முன்கூட்டி வச்சாங்க. பெரும்பாலான கணிப்பு வாஜ்பாய் ஆட்சியைத்தான் முன்னாடி காட்டுச்சு. முடிவு? காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. 2009-ல இழுபறின்னாங்க, காங்கிரஸ் தனியாவே 206 வாங்குச்சு. 2014-லயும் 2019-லயும் திசையைச் சரியாச் சொன்னாங்க, அதை நான் மறுக்கல. ஆனா எந்தத் தடவை சரியா வரும், எந்தத் தடவை கவுத்தும்னு முன்கூட்டியே தெரியாத ஒண்ணை நம்பி எப்படி ஒரு மனுசன் ஓட்டை முடிவு பண்ணுவான்?

கணிக்கிறதே கஷ்டம்ங்கிறது இவங்களுக்குத் தெரியாம இல்ல. ஓட்டு சதவீதத்தை ஓரளவு பிடிச்சுடலாம். சீட்டா மாத்தும்போதுதான் கால் இடறும். நம்ம முறையில தொகுதியில ஒரு ஓட்டு அதிகம் வாங்கினவருக்கு எல்லாம், அடுத்தவருக்கு ஒண்ணும் இல்ல. 2014-ல நாடு முழுக்க 31 சதவீதம் வாங்கின பா.ஜ.க.வுக்கு 282 சீட்டு. அதே தேர்தல்ல இங்க தி.மு.க.வுக்கு 23 சதவீதத்துக்கு மேல ஓட்டு, சீட்டு ஒண்ணு கூட இல்ல. அ.தி.மு.க.வுக்கு 44 சதவீதம், சீட்டு 37. பத்து வருசம் கழிச்சு அப்படியே திரும்புச்சு: 2024-ல 20 சதவீதம் வாங்கியும் அ.தி.மு.க.வுக்கு முட்டை, 11 சதவீதம் வாங்கின பா.ஜ.க.வுக்கும் முட்டை, 47 சதவீதம் வாங்கின தி.மு.க. கூட்டணிக்கு மொத்தமும். ரெண்டு மூணு சதவீதம் இங்கிட்டு அங்கிட்டு ஆனா பத்து சீட்டு பறக்குற இடத்துல, "இவருக்கு 23, அவருக்கு 14"னு அடிச்சுச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேணும்! இதுல, கேக்குறவங்ககிட்ட நம்ம சனம் உண்மையைச் சொல்லுமா என்ன? அடையாளம் தெரியாத ஆள் நோட்டும் பேனாவுமா வாசல்ல வந்து நின்னா, தெருவுல எந்தக் கட்சிக் கொடி பறக்குதோ அந்தப் பேரைச் சொல்லிக் கதவைச் சாத்துறவங்கதான் நம்ம ஆளுங்க.

டிவியையாவது ஒரு வகையில சேர்த்துக்கலாம். இந்த "உளவுத்துறை ரிப்போர்ட்" ஃபார்வர்டு இருக்கே, அதைப் பார்த்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாம வருது. "உளவுத்துறை முதல்வருக்குக் கொடுத்த ரகசிய அறிக்கை"ன்னு தொகுதி வாரியா பட்டியல், பச்சைக் கலர் டிக் மார்க்கோட. ரகசிய அறிக்கை உங்க சகலை போனுக்கு எப்படிங்க வந்துச்சு? அனுப்புனவர் யாரு, எழுதுனவர் யாருன்னு யாரும் கேக்குறதில்ல. ஒரே பட்டியல்ல கட்சிப் பேரை மட்டும் மாத்தி ரெண்டு தரப்பும் சுத்தல்ல விடுறாங்க. வாக்குப்பதிவு ஆரம்பிச்சதுல இருந்து கடைசிக் கட்டம் முடிஞ்சு அரை மணி நேரம் வரைக்கும் எக்ஸிட் போல் வெளியிடக் கூடாதுன்னு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 126ஏ பிரிவு சொல்லுது. ஆனா அதுக்கு முன்னாடி வர்ற கருத்துக்கணிப்புக்குக் கடைசி 48 மணி நேரம்தான் கடிவாளம். அந்த 48 மணி நேரத்துலதான் இந்த உளவுத்துறை ரிப்போர்ட் பறக்குது.

இன்னொரு வாதம் வச்சிருக்காங்க. "மத்தியில ஆளப்போற கட்சி எம்.பி. இருந்தாத்தான் தொகுதிக்கு நல்லது நடக்கும், அதனால யாரு வருவான்னு பார்த்துப் போடணும்." கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா 1999 ஏப்ரல்ல என்ன நடந்துச்சு? அ.தி.மு.க. ஆதரவை வாபஸ் வாங்குச்சு, நம்பிக்கை வாக்கெடுப்புல 269-க்கு 270-ன்னு ஒரே ஒரு ஓட்டுல வாஜ்பாய் அரசு கவிழ்ந்துச்சு. டெல்லி ஆட்சியையே ஆட்டி வச்சது ஒரு மாநிலக் கட்சி. 2024-ல தெலுங்கு தேசத்தோட 16-ம், ஐக்கிய ஜனதா தளத்தோட 12-ம் இல்லாம ஆட்சி அமைக்க முடியாத நிலைமை வந்துச்சு. நானூறுன்னு சொன்ன எவராவது அதைச் சொன்னாங்களா? யாரோட கை ஓங்கும்னு யாருக்கும் தெரியாதப்போ, ஓங்குற கையைப் பிடிக்கிறேன்னு கிளம்புறதுல என்ன கெட்டிக்காரத்தனம் இருக்கு?

பிடிக்காத ஆள் வந்துடக் கூடாது, அவரைத் தோக்கடிக்க யாருக்கு பலம் இருக்குன்னு கணக்குப் போட்டு ஓட்டுப் போடுறவங்களும் இருக்காங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. யார் வரக்கூடாதுங்கிற முடிவு அவங்களோடது. ஆனா அதுக்கும் வேண்டியது உங்க தொகுதிக் கணக்கு. போன தடவை யாருக்கு எத்தனை, யார் கூட்டணி மாறினாங்க, மூணாவதா நிக்கிறவர் யாரோட ஓட்டைப் பிரிப்பார். டெல்லி ஸ்டுடியோவுல ஓடுற பட்டை உங்களுக்கு அதைச் சொல்லாது.

வயிற்றெரிச்சல் எங்கன்னா, பேச வேண்டியது அவ்வளவு கிடக்கு. மதுரை எய்ம்ஸ்னு பேரு, இடம் தோப்பூர், எங்க மக்களவைத் தொகுதிக்குள்ள. 2019 ஜனவரியில பிரதமர் அடிக்கல் நாட்டினார். 2022-ல முதல் வருச மாணவங்களைச் சேர்த்து ராமநாதபுரத்துல வகுப்பு நடத்த வேண்டி வந்துச்சு, ஏன்னா அப்ப இங்க கட்டடம் இல்ல. சிவகாசியில 2018-ல உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும், பட்டாசுல சேர்க்கிற பேரிய ரசாயனத்துக்கும் தடை போட்டதுல இருந்து ஆலை ஆலையா மூச்சுத் திணறுது. நாக்பூர் லைசென்ஸ்னு சொல்ற உரிமத்தைக் கொடுக்கிறதும் எடுக்கிறதும் நாக்பூர்ல தலைமை அலுவலகம் வச்சிருக்கிற மத்திய அரசு வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. வெடி விபத்துல அறைக்குள்ள கருகிப் போற பொம்பளைங்க நம்ம அக்கா தங்கச்சிங்க. இது மக்களவைத் தேர்தல்ல பேச வேண்டிய விஷயமா இல்லையா? வேட்பாளர்கள்கிட்ட இதைக் கேட்டோமா? அவங்க சொத்து, கடன், மேல இருக்கிற வழக்கு எல்லாம் படிவம் 26-ல பிரமாணப் பத்திரமா தேர்தல் ஆணைய இணையதளத்துலயே கிடக்கு. எம்.பி. என்ன கேள்வி கேட்டார், மந்திரி என்ன பதில் சொன்னார்ங்கிறது மக்களவை இணையதளத்துல தேதியோட இருக்கு. உளவுத்துறை ரிப்போர்ட்டைத் திறந்து படிக்கிற அதே போன்லதான் இதுவும் திறக்குது.

நமக்கு ஏப்ரல் 19-ல ஓட்டுப் போட்டு முடிஞ்சு, ஜூன் 4 வரைக்கும் 46 நாள் இருந்துச்சு. அந்த 46 நாளும் யாரு வருவான்னு ஆசை தீரப் பேசியிருக்கலாம், ஒரு குடி முழுகியிருக்காது. பெட்டிதான் சீல் வச்சு ஸ்ட்ராங் ரூம்ல பத்திரமா இருந்துச்சே. அதை விட்டுட்டு, ஓட்டுப் போடுறதுக்கு முந்தின ரெண்டு மாசத்தையும் இதுலயே தொலைக்கிறோம்.

சேனல்காரங்களுக்கும் சொல்றேன். சர்வே போடுறீங்களா, போடுங்க. எங்க தொகுதியில எத்தனை பேரைக் கேட்டீங்க, எந்தெந்த ஊர்ல, எந்தத் தேதியில, என்ன கேள்வி கேட்டீங்க, காசு கொடுத்தது யாரு, போன தேர்தல்ல நீங்க சொன்னது எவ்வளவு தப்பாப் போச்சு, எல்லாத்தையும் அந்த சீட்டு நம்பர் போடுற அதே சைஸ் எழுத்துல அதே திரையில போடுங்க. அதைப் போடத் துணிச்சல் இல்லன்னா, "விருதுநகர் யாருக்கு?"னு எங்க ஊர்ப் பேரை வாயில எடுக்காதீங்க.