கேஸ் போற சத்தம்

போன வாரம் ஒரு வீட்டுல ஏ.சி.யைக் கழட்டி வேற வீட்டுல மாட்டுற வேலை. ஐ.டி.ஐ.யில ரெண்டு வருஷம் ஏ.சி. மெக்கானிக் டிரேடு படிச்சுட்டு என்கிட்ட புதுசா சேர்ந்த தம்பி முதல்ல மாடிக்குப் போனான். நான் கீழே வண்டியில டூல்ஸ் எடுத்துட்டு இருக்கேன், மேலேர்ந்து 'புஸ்ஸ்ஸ்'னு சத்தம். குழாயை இணைக்குற ஃபிளேர் நட்டை லூஸ் பண்ணி மொத்த கேஸையும் காத்துல விட்டுட்டான்.

ஆர்-22ங்கிற கேஸ்ல ஓடுற பழைய மெஷின். கிட்டத்தட்ட ஒரு கிலோ இருந்திருக்கும். பூமியைச் சூடாக்குறதுல ஒரு கிலோ ஆர்-22, சுமார் 1,800 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். லிட்டருக்கு 45 கி.மீ. தர்ற ஸ்கூட்டர்ல 35,000 கி.மீ. சுத்தினா வர்ற புகை அது. ஒரே ஒரு ஸ்பேனர் போதுமா இருந்துச்சு.

"மாண்ட்ரியல் ஒப்பந்தம் தெரியுமாடா?"ன்னு கத்தினேன். "1987ண்ணா, ஓசோனைக் கெடுக்குற இந்த மாதிரி கேஸைக் குறைக்க"ன்னு டக்குனு சொல்றான்! பரீட்சைக்குப் படிச்சதாம். கேஸை வெளிய விடாம மெஷினுக்குள்ளயே அடைக்குற பம்ப் டவுன்? "படிச்சிருக்கேண்ணா, பண்ணதில்ல."

இத்தனைக்கும் பம்ப் டவுனுக்கு கேஸை உறிஞ்சிப் பிடிக்குற ரெக்கவரி மெஷின்கூட வேணாம். கம்ப்ரசர் ஓடினா போதும். பிரஷர் கேஜை மாட்டி, ஆலன் கீயால சின்னக் குழாய் வால்வை மூடி ஓடவிட்டா, கேஸ் எல்லாம் அவுட்டோர் யூனிட்டுக்குள்ள போய் அடங்கும். கேஜ் முள் பூஜ்யத்துக்கு வர்ற நேரம் பெரிய வால்வையும் மூடி ஆஃப் பண்ணணும். சில நிமிஷ வேலை.

பசுமைத் திறன்னாலே சோலார், மின்சார வண்டின்னு புது கோர்ஸ்தான் பேசுறோம். வரட்டும். ஆனா ஏற்கெனவே இருக்குற டிரேடுல பையன் மணிக்கட்டுக்கு இதைப் பழக்காம, சுற்றுச்சூழல்னு தனிப்பாடம் வச்சு என்ன பண்றது? 2019-ல மத்திய அரசு போட்ட குளிரூட்டல் செயல்திட்டத்துல ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுக்கணும்னு எழுதியிருக்கு. எங்க தெருவுல முக்கால்வாசிப் பேர் ஐ.டி.ஐ. வாசலையே மிதிக்காம கடையில நின்னு கத்துக்கிட்டவங்க. அவங்களை யார் கூப்பிடுவா?

பயம் வேற இருக்கு. புது ஏ.சி.கள்ல வர்ற ஆர்-32 கேஸ் மெதுவாத்தான் எரியும், ஆனா எரியும். ஆர்-290 சுத்தமான புரொப்பேன், சமையல் கேஸோட அண்ணன் தம்பி. அதையும் இதே மாதிரி திறந்துவிட்டு, பக்கத்துல டார்ச் பத்தவச்சான்னா?

தம்பியை மட்டும் திட்டவும் மனசு வரல. "புது வீட்டுல எப்படியும் கேஸ் ஏத்திதானேண்ணா பில் போடுவாங்க"ன்னான். முன்னாடி இருந்த கடையில அப்படித்தானாம். நானும் ஒரு காலத்துல போட்ட பில்தான் அது.

நேத்து இன்னொரு வீடு. ஆலன் கீயை அவன் கையில கொடுத்துட்டு நான் ஓரமா நின்னேன். முள்ளைப் பார்த்துக்கிட்டே ரெண்டு வால்வையும் சரியா மூடினான். புது வீட்டுல மாட்டி, குழாயில இருக்குற காத்தை உறிஞ்சி வேக்குவம் போட்டு, அதே கேஸைத் திறந்துவிட்டோம். பில்லைப் பார்த்த வீட்டுக்காரர் சந்தேகமா கேக்குறார்: "என்ன தம்பி, கேஸே ஏத்தலையா? அப்புறம் கூலிங் எப்படி வரும்?"