மேக்கில் விண்டோஸ்: திரைவாசிப்பான் உரிமம் பற்றி ஒரு திருத்தம்

மேக் கணினியில் விண்டோஸை நிறுவினால் எந்தத் திரைவாசிப்பானுக்கும் (திரையில் உள்ளதைப் பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கு) புதிதாகப் பணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். அன்புடன் சொல்கிறேன், இது எல்லாத் திரைவாசிப்பான்களுக்கும் பொருந்தாது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கல்லூரியில் சேரும் பார்வையற்ற மாணவர் ஒருவர் இதை நம்பி, கையிலுள்ள மேக்கை ஒதுக்கிவிடக் கூடாது என்ற அக்கறையில்தான் எழுதுகிறேன்.

அவர் சொல்லும் சிக்கல் ஜாஸ் என்ற கட்டணத் திரைவாசிப்பானில் உண்மையாகவே வரக்கூடியது. அதன் உரிமம் கணினியின் வன்பொருள் அடையாளத்தோடு பிணைக்கப்படுவதால், மெய்நிகர் கணினியின் (மேக்குக்குள் விண்டோஸை இயக்க மென்பொருளால் உருவாக்கப்படும் கணினியின்) அமைப்பு மாறும்போது அதை வேறொரு கணினியாகக் கருதி மறுபடியும் செயல்படுத்தச் சொல்லலாம். அப்போதும் செய்ய வேண்டியது செயல்படுத்தல் எண்ணிக்கையை (உரிமத்தை எத்தனை முறை செயல்படுத்தலாம் என்ற கணக்கை) மீட்டமைக்கக் கேட்பதே தவிர, புதிய உரிமம் வாங்குவதன்று. உரிமம் இல்லாத நிலையிலும் ஜாஸ் 40 நிமிடம் இயங்கும், பிறகு விண்டோஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்ட என்விடிஏ என்ற திரைவாசிப்பான் கட்டணமற்ற திறமூல மென்பொருள்; அதற்குச் செயல்படுத்தும் எண்ணே கிடையாது. விண்டோஸுடன் வரும் நரேட்டர் என்ற திரைவாசிப்பானுக்கும் தனி உரிமம் வேண்டியதில்லை.

சரிபார்ப்பது எளிது. கண்ட்ரோல், விண்டோஸ், எண்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் நரேட்டர் பேசத் தொடங்கும்; மேக் விசைப்பலகையில் விண்டோஸ் விசையின் வேலையைப் பொதுவாகக் கமாண்ட் விசை செய்யும். என்விடிஏவின் உதவிப் பட்டியலில் அதன் உரிமத்தை முழுமையாகப் படிக்கலாம். மேக் விசைப்பலகையில் இன்சர்ட் விசை இல்லாததால், என்விடிஏவின் வரவேற்புப் பெட்டியில் கேப்ஸ் லாக்கை என்விடிஏ விசையாக (அதன் கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் விசையாக) தேர்ந்துகொள்ளுங்கள்.