அப்போதைக்கு இப்போதே

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மார்கழி ராத்திரி அப்பாவுக்கு மாரடைப்பு. ஐசியூ வாசலில் நின்றிருந்தேன், கதவு திறக்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்றது. அப்போதுதான் எனக்குச் சாமி ஞாபகம் வந்தது. சமயபுரத்துக்கு நடந்தே வருகிறேன், மொட்டை போடுகிறேன், தீச்சட்டி எடுக்கிறேன் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். சரி, சின்ன வயசில் பாட்டி சொல்லிக்கொடுத்த கவசத்தையாவது சொல்லுவோம் என்று ஆரம்பித்தால் நாலாவது வரி வரவில்லை. மூன்று வரியிலேயே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது, விடிய விடிய.

அப்பா பிழைத்து வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டேன், அன்றைக்கு என்னம்மா வேண்டிக்கிட்டே என்று. "வேண்டுதலெல்லாம் ஒண்ணும் வைக்கலப்பா. தினம் விளக்கு வைக்கையில சொல்றதத்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். வேற எதுவும் வாயில வரல" என்றாள்.

வேறு எதுவும் வரவில்லை என்று அவள் சொன்னதைத்தான் இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ராத்திரி எனக்கும் ஒன்றும் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை. ஆனால் முப்பது நாற்பது வருடமாகத் தினமும் சொன்னது அவள் நாக்கில் இருந்தது, அது அவளை விடிகிற வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தது. நான் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் நின்றேன்.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எனக்குப் பெரியாழ்வாரின் "அப்போதைக்கு இப்போதே சொல்லி வைத்தேன்" காதில் விழாத நாள் குறைவு. அதற்கு முந்தைய வரியை நான் கவனித்ததே இல்லை. எய்ப்பு, அதாவது தளர்ச்சி, வந்து என்னை நலியும்போது அங்கே ஏதும் நான் உன்னை நினைக்கமாட்டேன் என்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் போட்டு, தினமும் பூப்பறித்து, மாலை கட்டிக் கொடுத்தவர் அவர். அவருக்கே, கஷ்டம் வரும்போது தன் மனசு தன் வசம் இருக்கும் என்ற நம்பிக்கை இல்லை. அதனால்தான் நல்லா இருக்கும்போதே அரங்கனிடம் சொல்லி வைக்கிறார். நாமோ அந்த நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தைரியமாக இருக்கிறோம்.

அதே பாட்டில் ஆனைக்கு நீ அருள் செய்தமையால் என்றும் வருகிறது. கஜேந்திரன் கதை. கபிஸ்தலம் பெருமாளுக்குப் பேரே கஜேந்திர வரதர்தான். முதலை காலைப் பிடித்தது, யானை கூப்பிட்டது, பெருமாள் ஓடி வந்தார் என்று ஆபத்துக்கு உதவிய கதையாகவே இதை எப்போதும் சொல்கிறோம். ஆனால் அந்த யானை பெருமாளுக்குத் தினமும் தாமரை பறித்துச் சாத்துகிற யானை. அன்றைக்கும் அதற்காகத்தான் குளத்தில் இறங்கியது. உயிர் போகிற நேரத்திலும் இந்தப் பூ வாடிவிடுமே, சாத்த முடியாமல் போகுமே என்றுதான் அது தவித்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கூப்பிட்ட குரல் ஒரு நாளுடையது. தும்பிக்கையில் இருந்த பூ அத்தனை நாளுடையது.

கஷ்டத்தில் மட்டும் கோயிலுக்கு வருகிறவர்களை நான் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லமாட்டேன். நானே அப்படி வந்தவன்தானே. சமயபுரத்தில் கரும்புத் தொட்டிலில் பிள்ளையைப் போட்டுத் தூக்கிக்கொண்டு வருகிற தாயின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படிப் பேச வாய் வராது. எனக்கு வருத்தம் அதற்கு அப்புறம் நடப்பதில்தான். நேர்த்திக்கடன் என்கிறோம், கடனைக் கட்டியதும் கணக்கு முடிந்தது என்று திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். ஆத்தா மாரியம்மன் அப்படியா இருக்கிறாள்? மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதலில் ஆரம்பித்து 28 நாள் அவளே பச்சைப் பட்டினி கிடக்கிறாள், இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு என்று அதோடு சரி. யாரும் வேண்டிக்கொண்டதற்காக இல்லை, ஊரும் உலகமும் நல்லா இருக்கவேண்டும் என்று வருஷா வருஷம்.

சொன்னபடி நடந்தேன், மொட்டையும் போட்டேன், தீச்சட்டியும் எடுத்தேன். அடுத்த மாதம் ஒரு சாதாரண புதன்கிழமை மறுபடி போனேன், கேட்பதற்கு எதுவும் இல்லாமல். கூட்டம் இல்லை, சன்னதியில் நிற்க நேரம் கிடைத்தது. என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பெற்ற தாயிடம் பணம் கேட்க மட்டும் போன் பண்ணிய பிள்ளை, ஒருநாள் சும்மா வீட்டுக்கு வந்தால் எப்படிக் கூச்சப்பட்டு நிற்பானோ, அப்படி நின்றேன். அந்தக் கூச்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

நேரம் இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், நானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன்தான். கண் விழித்ததும் போனை எடுக்கிறோமே, அதற்கு முன்னால் ஒரு நிமிஷம் போதும். பஸ்ஸில் நிற்கும்போது பேசலாம். நல்ல சேதி வந்தால் முதலில் ஆத்தாவிடம் சொல்லலாம், கோபம் வந்தால் கோபத்தையும் சொல்லலாம். பெரிய மாற்றம் என்று எதையும் நான் சொல்லமாட்டேன். ஆனால் காலையில் அம்மா தாயே என்று சொன்ன வாயால் பத்து மணிக்கு டீ கொண்டுவரும் பையனைத் திட்டினால் உறுத்துகிறது. முன்பெல்லாம் உறுத்தியதில்லை.

இப்போது சாயங்காலம் அம்மா விளக்கு வைக்கையில் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பாட்டியின் கவசம் பாதி வரை தடுக்காமல் வருகிறது. அதற்குமேல் நான் நின்றால், கூடத்தில் ஈஸிசேரில் சாய்ந்தபடி அப்பா அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கிறார்.