ட்ரிப் ஆகுதாம், அதனால டைரக்டா குடுத்துட்டாராம்!

மூன்று நாளாக வயிறு எரிகிறது. இங்கே கொட்டினால்தான் இன்றைக்குத் தூக்கம் வரும்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஐப்பசி அடைமழை, பழைய ஓட்டு வீடு, சுவரெல்லாம் ஊறிப்போய் நிற்கிறது. கிரைண்டரில் மாவு வழித்துக்கொண்டிருந்த அம்மா "ஐயய்யோ" என்று கையை உதறிக்கொண்டு பின்னால் விழுந்தார். வெறுங்கால், ஈரத்தரை. டெஸ்டரைக் கிரைண்டர் தகட்டில் வைத்தால் பளிச்சென்று எரிகிறது!

கரண்ட் ஒழுகினால் தானாக அணைக்கிற சுவிட்ச், ஆர்.சி.சி.பி., ஏன் விழவில்லை? போர்டைத் திறந்தேன். அது இருக்கிறது, குமிழும் மேலேதான் நிற்கிறது. ஆனால் அதற்குள் ஒரு ஒயர்கூட இல்லை. கரண்ட் வருகிற பேஸ், அது திரும்புகிற நியூட்ரல் இரண்டையும் உருவி, தனித்தனியாகப் பக்கவாட்டில் முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறது. வயலில் நட்ட பொம்மைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன். "மழை பெஞ்சாலே சும்மா சும்மா விழுதுண்ணே. அப்பாதான் தொல்லையா இருக்குன்னாரு. அதான் டைரக்டா குடுத்துட்டேன். இப்ப விழலல்ல?"

விழாதய்யா! எப்படி விழும்? பேஸில் போன கரண்ட் முழுசாக நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் ஒழுகினால் கண் இமைப்பதற்குள் அணைத்துவிடும். மழைக்கு விழுகிறது என்றால் எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். ஆற்றுக் கரை கசிகிறது என்று தமுக்கடிப்பவன் வாயைப் பொத்தின கதை இது. கேட்டால் "அதான் எம்.சி.பி. இருக்கே" என்கிறார். 16 ஆம்பியர் எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் விழுகிற சுவிட்ச், ஒயர் தீப்பிடிக்காமல் இருக்க வைத்தது. ஆள் போவதற்கு அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

அப்பாவையும் சும்மா விடவில்லை, அது வேறு கதை.

நீடாமங்கலத்திலிருந்து வேறொருவரை வரவழைத்தேன். வந்தவர் முதலில் எரிகிற பாயின்டில் வைத்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்தார். மெயினை அணைத்தார். ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்! "யாராச்சும் தெரியாம போட்டுட்டா நான்தானே சாகணும்" என்றார். இன்வெர்ட்டரையும் அணைக்கச் சொன்னார். 2018 கஜா புயலுக்குப் பிறகு வாங்கியது. மெயின் அணைந்தாலும் அது பாதி வீட்டுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

சமையலறைச் சுவரைக் கொத்தினால், உள்ளே ஒரு ஜாயின்ட். பேஸும் பச்சை எர்த் ஒயரும் பக்கத்தில் பக்கத்தில், நைந்த டேப்போடு, சொட்டச் சொட்ட ஈரம். அந்தப் பச்சை ஒயரின் மறுமுனை போர்டில் எர்த்தில் சேரவே இல்லை. கத்தரித்து மடக்கி விட்டிருக்கிறார்கள். தரைக்குப் போக வேண்டிய கரண்ட் அந்தப் பச்சை ஒயர் வழியாக நேராகக் கிரைண்டர் தகட்டுக்கு வந்திருக்கிறது. கொல்லையில் எர்த் பைப் சும்மா நிற்கிறது, ஆட்டுக்குட்டி கட்டுவதற்கு.

இன்று காலை எதிர்வீட்டு மாடியில் நம்ம பழைய ஆளின் குரல்.

"மெயினை அணைக்கட்டுமா தம்பி?"

"வேணாம்க்கா, நீங்க சீரியல் பாருங்க."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன்.