கடைசி ஆள் வருமுன்னே கொடியைப் பிடுங்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குள் நாங்கள் ஓடிய கிராஸ் கண்ட்ரியில், அதாவது ரோட்டை விட்டு மண்ணிலும் மேட்டிலும் ஓடுகிற ரேஸில், நடந்ததைப் பற்றி மூன்று நாளாக வாயைத் திறக்கவில்லை. மனசு ஆறட்டும் என்று இருந்தேன். நேற்று ராத்திரி ஒருத்தர், "ஒரு பிள்ளை பின்னால வந்ததுக்கு இவ்வளவு பேச்சா, இன்னுமா அதைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார். அதைக் கேட்ட பிறகு தூக்கம் வரவில்லை.

ஆள் இன்னும் குளத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது வழி காட்டும் கொடியைப் பிடுங்கக் கூடாது. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

எங்கள் கிளப் பெண்கள் அணியில் நாலாவது ஆள் ஒரு பிள்ளை. மூன்றாவது சுற்றில் அவள் மறுகால் பக்கம் திரும்ப வேண்டிய இடத்துக்கு வந்தபோது அங்கே சிவப்புத் துணி இல்லை. உடைமரத்தில் அதைக் கட்டியிருந்த சணல் மட்டும் தொங்கியிருக்கிறது. அவள் நேராக மடையைத் தாண்டி வரப்பு வரைக்கும் போய்விட்டாள். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா கை காட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார். முழங்காலுக்குக் கீழே முள் கிழித்து ரத்தத்தோடு வந்து சேர்ந்தால், முடிவுக் கோட்டில் ஆளே இல்லை. நேரம் குறிக்கிறவர் அட்டையைப் பைக்குள் வைத்தாயிற்று. மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு மட்டும் பாதி அழிந்து கிடந்தது. அவள் அதை மிதித்து நின்று என்னைப் பார்த்து, "எக்கா, நான் முடிச்சிட்டேனா, இல்லையா?" என்று கேட்டாள்.

சாயங்காலம் வந்த ரிசல்ட்டில் அவள் பெயருக்கு நேரே டி.என்.எஃப். ஓடி முடிக்கவில்லையாம்.

ரோட்டில் நடக்கிற பத்து கிலோமீட்டர் ஓட்டத்தோடு இதை வைத்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே அவரவர் நேரம் அவரவருக்கு. கிராஸ் கண்ட்ரியில் ஒவ்வொரு அணியிலும் முதல் நான்கு பேர் வந்த இடத்தைக் கூட்டுவோம், கூட்டுத்தொகை குறைந்த அணிக்கு வெற்றி. உலகப் போட்டியிலேயே சீனியர் அணியில் ஆறு பேர் ஓடி, நான்கு பேர் இடத்தைத்தான் கூட்டுகிறார்கள். நம் கிளப் பெண்கள் அணியில் ஆறு பேர் எங்கே இருக்கிறோம்? மொத்தமே நான்கு பேர். 3, 7, நான் 11. அவள் 19. கூட்டினால் 40. கோப்பை வாங்கின அணிக்கு 41. நான்காவது ஆள் முடிக்கவில்லை என்று எழுதினால் அணியே கணக்கில் வராது. ஒரு கொடியைப் பத்து நிமிஷம் முன்னால் பிடுங்கியதில், நவம்பரிலிருந்து ஐந்து ரேஸ் ஓடிய நான்கு பேருடைய சீசன் போய்விட்டது.

"அப்போ கோப்பைக்காகத்தான் அழுகிறீர்கள்" என்று சொல்வீர்கள். கோப்பை எங்களுக்கு வேண்டாம் என்றுதான் முதலில் எழுதினேன், அழித்துவிட்டேன். வேண்டும். ஏன் வேண்டாம்? டிசம்பர் மழையில் ரெட்டியார்பட்டி மலைச் சரிவில் வழுக்கி விழுந்து எழுந்து ஓடினோம். கரிசல் மண் ஷூவில் அப்பி ஒரு கால் ரெண்டு கிலோ கனத்தது. எங்களுக்குக் கோப்பை ஆசை இருக்கக் கூடாதா?

ஆனால் கோப்பையே இல்லாவிட்டாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் முதல் ரேஸ் குதிரைமொழித் தேரியில். செம்மண் தேரியில் நடந்தவர்களுக்கே தெரியும், ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். எனக்கு அப்போது நாற்பது வயது, இரண்டு சிசேரியன் ஆன உடம்பு. கடைசி ஆளாகத்தான் வந்தேன். கடைசி மேட்டில் ஏறும்போது எல்லோரும் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். ஏறிப் பார்த்தால் நம் கிளப் அண்ணாச்சி ஒருத்தர், ரிப்பனின் ஒரு முனையைப் பனைமரத்தில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர்கள் எல்லாம் மர நிழலில் இட்லி சாப்பிடுகிறார்கள். அவர் மட்டும் வெயிலில். நான் கடந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதினார். அப்புறம்தான் ரிப்பனைச் சுருட்டினார். "நல்லா ஓடினே தாயி" என்று ஒரு வார்த்தை. அந்த ரிப்பன் மட்டும் அன்றைக்கு அங்கே இல்லையென்றால் இரண்டாவது ரேஸுக்கு நான் வந்திருக்கவே மாட்டேன்.

சரி, ரேஸ் நடத்தினவர்களே, உங்கள் பக்கமும் பேசுவோம். கொடி கட்டின தம்பிகள் விடிகாலை நாலு மணிக்கே வந்தார்கள், வெறும் டீயோடு நின்றார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எடுக்கச் சொன்னதால் எடுத்தார்கள். கட்-ஆஃப் நேரம், அதாவது இதற்குள் ஓடி முடிக்க வேண்டும் என்ற கெடு, வேண்டும் என்கிறீர்களா, அதுவும் நியாயம்தான். ஆனால் ஓடுவதற்கு முன்னால் சொல்லுங்கள். சொல்லாத கட்-ஆஃபை ஓடிக்கொண்டிருக்கிறவள் தலையில் எப்படி வைப்பீர்கள்?

சிறப்பு விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி இருந்ததாம். ஆறரைக்குத் தொடங்க வேண்டிய ரேஸ் எட்டு இருபதுக்குத் தொடங்கியது யாருக்காக? அவருக்காக ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் நாங்கள் அத்தனை பேரும் நின்றோம். அவளுக்காகப் பத்து நிமிஷம் நிற்க ஆள் இல்லை. அந்தத் தாமதத்தால்தான் அவள் ஒன்பது மணி வெயிலில் ஓடினாள்.

வெயில் என்றால் சும்மா இல்லை. 1924 பாரிஸ் ஒலிம்பிக் கிராஸ் கண்ட்ரியில் 38 பேர் கிளம்பி 15 பேர்தான் முடித்தார்கள். அதோடு ஒலிம்பிக்கில் கிராஸ் கண்ட்ரியே நின்றுபோனது. அதில் பாவோ நூர்மி முதல், ரிட்டோலா இரண்டாவது, இருவருமே பின்லாந்து. ஆனாலும் அன்றைக்கு ஒரு அணியில் மூன்று பேர் இடத்தைக் கூட்டினார்கள், மூன்றாவது ஆள் முடித்தால்தான் அணிக்கணக்கு. லீமடைனென் என்பவர் தள்ளாடித் தள்ளாடி 12-வதாக வந்தார். அவர் வந்ததால்தான் பின்லாந்துக்கு அணித் தங்கம். நூர்மி வந்தாயிற்று, போதும் என்று அன்றைக்கு யாரும் கோட்டை அழித்துவிட்டுப் போகவில்லை.

"மெதுவாக ஓடுகிறவள் ஏன் ரேஸுக்கு வர வேண்டும்?" இதை எழுதினவருக்கு மட்டும் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவள் முக்கூடல் பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறவள். முந்தின நாள் ராத்திரி அம்மாவோடு சுளவை மடியில் வைத்துப் பத்தரை வரை பீடி சுற்றிவிட்டு, மூன்றரைக்கு எழுந்து வருகிறாள். அவள் விரல் நுனியைப் பார்த்திருக்கிறீர்களா? இலை மடக்கி மடக்கிக் காய்த்துப்போயிருக்கும். நாங்கள் மூன்று பேர் முன்னால் ஓடுவது பெரிய காரியமில்லை. நாலாவது ஆள் கிடைக்காமல் போன வருஷம் முழுக்க அணியே இல்லாமல் ஓடினோம். இந்த வருஷம் எங்களுக்கு அணி என்று ஒன்று இருந்ததே அவளால்தான்.

ஒரு வேளை வரப்பில் கால் மடங்கி விழுந்திருந்தால்? எத்தனை பேர் கிளம்பினார்கள், எத்தனை பேர் திரும்பினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. அவள் அப்பாவுக்கு யார் போன் போட்டிருப்பார்கள்? பொன்னாடை போர்த்தினவரா? இருநூறு ரூபாய் கட்டணத்தில் இவ்வளவுதான் செய்ய முடியும் என்கிறார்கள். கொடியைப் பிடுங்காமல் இருக்க எவ்வளவு செலவாகும்?

மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். ரிசல்ட்டைத் திருத்துங்கள். டி.என்.எஃப். என்பதை எடுத்துவிட்டு 19 என்று போடுங்கள். நேரம் இல்லையே என்றால் என்னிடம் இருக்கிறது. நான் முடித்த பிறகும் வாட்சை நிறுத்தவில்லை, நாலாவது ஆளுக்காக ஓடவிட்டிருந்தேன். அவள் அந்தச் சுண்ணாம்புக் கோட்டை மிதித்தபோதுதான் நிறுத்தினேன். 44 நிமிஷம் 50 வினாடி.